வலிப்பது பிடரி, ஓய்ந்திருப்பது தொண்டைக்குப் பின்னால்

கேள்வி: கழுத்தின் ஆழத்தில் இருக்கும் தசைகள் என்ன வேலை செய்கின்றன? நாள் முழுக்க லேப்டாப் வேலை. பிடரி வலிக்கிறது. மசாஜ் செய்தால் ஒரு நாள் குறைந்து மறுநாள் திரும்பிவிடுகிறது. ஏன்?

பெங்களூரில் அல்சூர்ப் பக்கம் பிசியோதெரபி பார்க்கிறேன். நம் தமிழ் ஆட்கள் நிறைய வருவார்கள். ஐடி வேலையில் இருப்பவர்கள், குனிந்தே தைக்கும் டெய்லர்கள் என்று யார் வந்தாலும் கை வைத்துக் காட்டும் இடம் ஒன்றுதான்: மண்டையோடு முடிந்து கழுத்து தொடங்குகிற பிடரி. வலிப்பது அங்கேதான், சந்தேகமில்லை. ஆனால் வேலையைக் குறைத்துக்கொண்ட தசை பெரும்பாலும் முன்பக்கம் இருக்கிறது, எந்த மசாஜுக்கும் எட்டாத ஆழத்தில்.

உணவுக்குழாய்க்குப் பின்னால், கழுத்தெலும்புகளின் முன்பக்கத்தை ஒட்டியே லாங்கஸ் கோலி என்ற தசை ஓடுகிறது. கழுத்தின் முதல் எலும்பான அட்லஸில் ஆரம்பித்து மார்புப் பகுதியின் மூன்றாவது முள்ளெலும்பு வரை இறங்கும். அதற்குத் துணையாக லாங்கஸ் கேப்பிட்டிஸ், 3 முதல் 6 வரையுள்ள கழுத்தெலும்புகளிலிருந்து ஏறி மண்டையோட்டின் அடியில் போய்ப் பிடித்துக்கொள்கிறது. பெரிய பலம் காட்டுகிற தசைகள் இல்லை இவை. கிட்டத்தட்ட 5 கிலோ எடையுள்ள தலைக்குக் கீழே ஏழு எலும்புகளையும் வரிசை குலையாமல் நிறுத்துவதும், மோவாயை மெல்ல உள்ளே இழுப்பதும்தான் இவற்றின் வேலை. கழுத்து வலி உள்ள பலரிடம் இவை மந்தமாகிவிடுகின்றன. அப்போது மேலே இருக்கும் பெரிய தசைகள் அந்தப் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கின்றன.

இதை நீங்களே பார்க்கலாம். முழங்காலை மடக்கி மல்லாந்து படுங்கள். தலையைத் தூக்காமல், 'ஆமாம்' சொல்வதுபோல மோவாயை மட்டும் லேசாகக் கீழே இறக்குங்கள். காதுக்குப் பின்னாலிருந்து காறை எலும்புக்கு வரும் தசை கயிறு மாதிரி விடைத்துக்கொண்டால் ஆழத் தசைக்குப் பதில் அதுதான் உழைக்கிறது. கிளினிக்கில் பிடரிக்கடியில் சின்னக் காற்றுப்பை ஒன்றை வைத்து அழுத்தத்தை 20ல் தொடங்குவோம் (ரத்த அழுத்தத்தை அளக்கும் அதே மில்லிமீட்டர் பாதரச அலகு). மோவாயை அதேபோல இறக்கியே அதை இரண்டிரண்டாக 30 வரை ஏற்றி, ஒவ்வொரு படியிலும் 10 வினாடி நிறுத்தச் சொல்வோம். வலியோடு வருகிற பலருக்கு 24ஐத் தாண்டுவதற்குள் கழுத்து விடைத்துவிடும்.

சரி, பிடரி ஏன் வலிக்கிறது? அங்கே மண்டையோட்டையும் முதல் இரண்டு கழுத்தெலும்புகளையும் இணைத்து நான்கு ஜோடிக் குட்டித் தசைகள் உள்ளன. சப்ஆக்சிபிட்டல் தசைகள் என்பார்கள். நீட்சியை உணரும் நுண்ணுறுப்புகள் இவற்றில் மிக நெருக்கமாக இருப்பதால், தலை எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்கு ஓயாமல் செய்தி போய்க்கொண்டே இருக்கும். மண்டையோட்டின் கீழ்விளிம்புக்கு அடியில் இரண்டு கட்டைவிரல்களையும் பதித்து, கண்ணை மூடி, தலையை அசைக்காமல் விழியை மட்டும் இடமும் வலமும் ஓட்டிப் பாருங்கள். விரலுக்கடியில் ஏதோ துடிப்பது பலருக்குத் தெரியும். எனக்கு இந்தத் தசைகள் மேல் தனிப் பிரியமே உண்டு.

திரையைப் பார்க்கத் தலை முன்னால் நீண்டதும், பார்வை கீழே போய்விடாமல் இருக்க மோவாய் தானாக உயர்கிறது. அப்போது இந்தக் குட்டித் தசைகள் சுருங்கினபடியே மணிக்கணக்கில் கிடக்கின்றன. மசாஜ் அவற்றைத் தளர்த்தும். ஆனால் முன்பக்கம் பிடித்து நிறுத்த ஆள் இல்லாததால் தலை மறுபடி நீண்டுவிடும். மறுநாள் வலி திரும்புவதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

ஆகவே மேலே சொன்ன அந்தத் தலையசைப்பையே பயிற்சியாகச் செய்யுங்கள். 10 வினாடி, பத்து முறை, காலையும் மாலையும். பலத்தைக் கூட்டாதீர்கள், கழுத்து விடைக்காத அளவே சரியான அளவு. பொதுவாக ஆறு வாரமாவது விடாமல் செய்ய வேண்டும். நடுவில் வலி கூடினால் நிறுத்துங்கள்.

சலூனில் முடி வெட்டியதும் தலையைப் படக்கென்று திருப்பி நெட்டி முறிக்கிறார்களே, அதற்குக் கழுத்தைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். மூளைக்குப் போகும் முதுகெலும்புத் தமனி அட்லஸைச் சுற்றி வளைந்துதான் மேலே ஏறுகிறது. அரிதாக என்றாலும், அந்தத் திருப்பலில் அதன் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரை போகலாம். அப்புறம், கை மரத்துப்போவது, பிடி தளர்வது, நடையில் தள்ளாட்டம் இவற்றில் ஏதாவது வலியோடு சேர்ந்து இருந்தால் பயிற்சியை ஆரம்பிக்காமல் முதலில் டாக்டரைப் பாருங்கள்.