கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தீர்களா?

கேள்வி: அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வை மூன்று முறை எழுதியும் தேறவில்லை. கணக்குதான் காலை வாருகிறது என்று நினைக்கிறேன். எம்.சி. ரோடு துணிக்கடையில் வேலை. மெட்ரோவில் போய் வருகிறேன். வீடு திரும்ப இரவு பத்தரை. விடியற்காலை 4 மணிக்கு எழுந்து படிக்கும் தீர்மானம் ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை. தோல்வியிலிருந்து பாடம் கற்பது எப்படி?
– வாசகர், திருவொற்றியூர் தேரடி

பதில்: பத்தரைக்கு வந்து, சாப்பிட்டுப் படுக்கப் பன்னிரண்டு ஆகும். நாலு மணி நேரத் தூக்கத்தில் ஒரு வாரம் தாக்குப்பிடித்ததே பெரிது. இதைச் சோம்பல் என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள்.

கணக்கு என்று ‘நினைப்பது’ இருக்கட்டும், எண்ணிப் பார்த்தீர்களா? 200 கேள்வியில் கணக்கும் திறனறிவும் சேர்ந்தே 25தான். ஒன்றரை வீதம் 37.5 மதிப்பெண். தமிழ் மட்டும் 100 கேள்வி, 150 மதிப்பெண். ஓட்டை எங்கே என்று தெரியாமல் மூன்று முறை எழுதியிருக்கிறீர்கள். வார விடுமுறையில் கடைசித் தாளை எடுங்கள். விடைக்குறிப்பு தேர்வாணையத் தளத்தில் கிடைக்கும். தவறிய கேள்வி ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் எழுத்து: படிக்கவே இல்லையென்றால் ‘ப’, படித்து மறந்திருந்தால் ‘ம’, தெரிந்தும் அவசரத்தில் விட்டிருந்தால் ‘அ’.

‘ப’ மிகுந்தால் ஆறு முதல் பத்து வரை பள்ளிப் புத்தகங்கள் போதும்; கைடு வாங்கிக் குவிக்காதீர்கள். ‘ம’ மிகுந்தால் புதுப்பாடத்தை நிறுத்துங்கள். படித்ததை மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தோராம் நாள் என்று புத்தகத்தை மூடிவைத்துச் சொல்லிப் பாருங்கள். அடிக்கோடிட்டதையே திரும்ப வாசித்தால் தெரிந்த மாதிரி ஒரு மயக்கம் வரும், அவ்வளவுதான். ‘அ’ மிகுந்தால், விடைக்கு வட்டம் நிரப்பும் ஓ.எம்.ஆர். தாளோடு மூன்று மணி நேரம் உட்காருங்கள். கேள்விக்கு 54 நொடி. வட்டங்களைக் கடைசிக்கு வைத்தால், ஒன்றுக்கு 4 நொடி என்றாலும் 13 நிமிடம் போய்விடும். ஒரு வரிசை தள்ளிப்போனால் அதற்குக் கீழே எல்லாம் பாழ். பக்கத்துக்குப் பக்கம் நிரப்பிவிடுங்கள்.

பழக்கத்தைக் கடிகாரத்தோடு கட்டாதீர்கள். தினமும் தப்பாமல் நடக்கும் ஒன்றோடு கட்டுங்கள். தேரடியில் ஏறி தியாகராயா கல்லூரி ஸ்டேஷனில் இறங்கும்வரை பத்து நிமிடமாவது கிடைக்கும். ரயில் கதவு மூடியதும், ‘ம’ போட்ட கேள்விகளை எழுதிய சீட்டு கையில் இருக்கட்டும். காகிதச் சீட்டு! போனை எடுத்தால் ரீல்ஸில்தான் முடியும்.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்கிறார்கள் வீடியோக்களில். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து நடத்தி, 2010-ல் அச்சான ஆய்வு சராசரி 66 நாள் என்கிறது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள்வரை மதிப்பிட்டார்கள். ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய சேதமில்லை என்றும் கண்டார்கள். எனவே விட்டதற்கு ஈடாக மறுநாள் இரட்டிப்பாகப் படிக்காதீர்கள்; அந்த வீம்புதான் மூன்றாம் நாள் படுக்கவைக்கும்.

தீபாவளிக்கு முந்தைய மாதம் கடை உங்களை விடாது. அதற்கு இப்போதே தனி அளவு வையுங்கள்: போகும்போது ஐந்து சீட்டு, வரும்போது ஐந்து. புத்தகத்தைப் பண்டிகை முடிந்து திறக்கலாம்.