ஈரம் 21, களத்தில் வியாபாரி: நெல்லை யாரிடம் கொடுப்பது?

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் இரண்டரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்துக் குறுவை போட்டேன். ரகம் ஆடுதுறை 43. குத்தகை வாய்ப்பேச்சுதான்; நிலத்துக்காரர் சென்னையில் இருக்கிறார். 62 கிலோ மூட்டையாக 97 கண்டது. கொள்முதல் நிலையத்தில் ஈரம் 21 இருக்கிறது, காயவைத்துக் கொண்டு வா என்று திருப்பிவிட்டார்கள். மூட்டைக்கு 40 ரூபாய் தந்தால் பார்க்கலாம் என்றும் ஒருவர் சொன்னார். களத்துக்கே வந்த வியாபாரி மூட்டை 1,200 ரூபாய் என்கிறார். என்னிடம் இருக்கும் சிட்டா நகலைக் கொடுத்தால் மேலே 50 தருவாராம். உரத்துக்கு அவரிடம் 30,000 ரூபாய் கடன் வாங்கியிருக்கிறேன். வானம் வேறு மூடிக்கொண்டு நிற்கிறது. என்ன செய்ய?

பதில்: முதலில் மூட்டைக் கணக்கை விட்டுக் கிலோக் கணக்குக்கு வாருங்கள். வியாபாரி பேசுவது 62 கிலோ மூட்டை; அரசு நிலையத்தில் சிப்பம் 40 கிலோ. இந்த வித்தியாசத்தில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். 1,200 ரூபாயை 62-ஆல் வகுத்தால் கிலோ 19.35, குவிண்டாலுக்கு 1,935 ரூபாய். 2025-26 பருவத்துக்குத் தமிழக ஊக்கத்தொகையும் சேர்த்து அரசு விலை சன்ன ரகத்துக்கு 2,545, பொது ரகத்துக்கு 2,500. ஆடுதுறை 43 சன்ன ரகம். அதைப் பொது ரகமென்று எழுதினால் குவிண்டாலுக்கு 45 ரூபாய் போகும், அங்கேயே கேளுங்கள்.

‘காயவைத்தால் எடை குறையுமே’ என்பார் வியாபாரி. குறையும்தான். ஆனால் எவ்வளவு? உங்களிடம் இருப்பது 6,014 கிலோ. ஈரம் 21 சதவீதத்திலிருந்து நிலையம் ஏற்கும் 17-க்கு இறங்கினால் சுமார் 5,720 கிலோ நிற்கும். அதை 2,545-க்குக் கொடுத்தால் ஏறத்தாழ 1,45,600 ரூபாய். இன்று களத்திலேயே கொடுத்தால் 1,16,400. இடையில் இருப்பது 29,000 ரூபாய். காயவைக்கும் கூலி, தார்ப்பாய் வாடகை எல்லாம் போனாலும் பெரும்பகுதி உங்களுக்கு மிஞ்சும்.

காயவைப்பதில் அவசரம் கூடாது. நெல்லை இரண்டு அல்லது மூன்று விரல் கனத்துக்குமேல் பரப்பாதீர்கள். அரை மணிக்கு ஒருமுறை காலாலோ பலகையாலோ கிளறிவிட வேண்டும். கனமாகப் பரப்பினால் மேல்நெல் முறுகி, அடிநெல் பச்சையாகவே கிடக்கும். இரண்டையும் சேர்த்து அள்ளும்போது ஈரம் பார்க்கும் கருவி 19 காட்டும், நீங்கள் கருவியைத் திட்டுவீர்கள். உச்சிவெயிலில் தார்ச்சாலையில் போட்டால் சீக்கிரம் காயும், ஆனால் அரிசி வெடித்து அரைவையில் நொய்யாகும், வண்டிக்காரர்களுக்கும் ஆபத்து. சிமெண்ட் களமோ கனமான தார்ப்பாயோ போதும். மாலை 4 மணிக்குள் குவித்துவிடுங்கள். சூட்டோடு குவித்த நெல்லின்மேல் பிளாஸ்டிக் தாளை ஒட்டப் போர்த்தினால் உள்ளே வேர்த்து, பகலில் இறங்கிய ஈரம் இரவில் ஏறிவிடும். சூடு ஆறவிட்டு, இரண்டு ஓரமும் காற்றுக்கு வழி விட்டு மூடுங்கள். நல்ல வெயில் இருந்தால் இரண்டு நாளில் 17-க்கு வந்துவிடலாம். அடுத்த போகத்தில் அறுவடைக்கு ஒரு வாரம் முன்பே வயலில் தண்ணீரை வடியுங்கள். பனி உலரும் முன் காலை 7 மணிக்கே அறுவடை வண்டியை வயலில் இறக்க விடாதீர்கள்.

நிலையத்தில் ஈரம் பார்க்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ஒரே மூட்டையின் அடியில் குத்தி எடுத்த கைப்பிடியை வைத்து முடிவு சொல்லக் கூடாது. நாலைந்து மூட்டையில் எடுத்துக் கலந்து, மூன்று முறை அளந்து சராசரி பாருங்கள். வெயிலிலிருந்து அள்ளிய சூட்டோடு அளந்தால் கணக்குத் தப்பும். எடையிலும் கவனம் வேண்டும்: நெல் 40 கிலோ, சணல் சாக்கு 580 கிராம், அவ்வளவுதான். உங்கள் நெல் 143 சிப்பம் வரும். சிப்பத்துக்கு ஒரு கிலோ கூடுதலாகப் பிடித்தால் 3,600 ரூபாய்க்குமேல் நஷ்டம். மூட்டைக்கு 40 ரூபாய் என்றால் இன்னும் 5,700. அது கூலியும் அல்ல, கட்டணமும் அல்ல, லஞ்சம். தேதி, நேரம், கேட்டவர் யார் என்று எழுதி வைத்து, நுகர்பொருள் வாணிபக் கழக மண்டல மேலாளருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மனு கொடுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் உங்கள் ஒருவரைக் குறிவைக்க முடியாது.

இப்போது அந்த 50 ரூபாய். தயவுசெய்து சிட்டா நகலைக் கொடுக்காதீர்கள். வெளியே மலிவாக வாங்கிய நெல்லை உங்கள் சர்வே எண்ணில் ஏற்றி அரசு விலைக்கு விற்பதற்குத்தான் அது. பதிந்த பரப்புக்கு ஏற்ற நெல்லைத்தான் நிலையத்தில் ஏற்பார்கள். அவர் முந்திக்கொண்டால், உங்கள் சொந்த நெல்லோடு நீங்கள் போகும்போது ‘இந்த நிலத்து நெல் ஏற்கெனவே வந்துவிட்டது’ என்பார்கள். நாளை விசாரணை வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் வியாபாரி இல்லை. ஆதார், வங்கிப் புத்தக நகல், கைபேசிக்கு வரும் ஓடிபி, கைரேகை எதையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். ‘பணம் உங்க கணக்குல ஏறும், எடுத்துக் கொடுத்தா போதும்’ என்பார்கள். அதுதான் பொறி. ஊரில் நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர் கேட்டாலும் இதே பதில்தான்.

நீங்கள் குத்தகைதாரர் என்பதால் ஒரு படி கூடுதலாக உண்டு, இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். விற்பனைக்குப் பதியும்போது நிலத்துக்காரர் பெயரைப் போட்டால் பணம் அவர் கணக்குக்குப் போகும். திரும்பி வருவது அவர் மனதைப் பொறுத்தது. ஆகவே சாகுபடியாளர் என்று உங்கள் பெயரையே பதிய வேண்டும். அதற்கு கிராம நிர்வாக அலுவலரிடம் போய், எந்தச் சர்வே எண்ணில், எத்தனை ஏக்கரில், இந்தப் போகத்தில் நீங்கள் பயிரிட்டீர்கள் என்று சாகுபடிச் சான்று கேளுங்கள். நிலத்துக்காரர் ஒரு சம்மதக் கடிதம் எழுதித் தந்தால் வேலை எளிது. பலர் தயங்குவார்கள்: 1955-ஆம் ஆண்டுக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தை நினைத்து, பெயர் எழுதினால் நிலமே போய்விடும் என்று பயம். குத்தகை உரிமைப் பதிவு என்பது 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனி விண்ணப்பம், தனி விசாரணை. நெல் விற்க வாங்கும் ஒரு போகச் சான்று அதுவல்ல என்பதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். கடிதத்திலேயே ‘இந்தக் குறுவை நெல் விற்பனைக்காக மட்டும்’ என்று எழுதிக்கொள்ளலாம். அதற்கும் மறுத்தால், நடவின்போதும் அறுவடையின்போதும் எடுத்த படம், உர ரசீது, அக்கம்பக்கத்து விவசாயிகள் இருவர் ஆகியவற்றோடு போய் நேரில் வயலைப் பார்க்கச் சொல்லுங்கள். கோயில் நிலமாக இருந்தால் குத்தகை கட்டிய ரசீது கையில் இருக்கட்டும். சான்றுக்கும் பணம் கேட்டால் வட்டாட்சியரிடம் எழுத்தில் கொடுங்கள்.

இவ்வளவு அலைச்சலும் உங்கள் தவறால் வரவில்லை. குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரத்தில்தான் வரும், இது நேற்று தெரிந்த செய்தியா? இந்திய உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகமே 1965-ல் தஞ்சாவூரில்தான் திறக்கப்பட்டது. அறுபது ஆண்டு ஆகியும் பல நிலையங்களில் கூரை இல்லை, உலர்த்தும் இயந்திரம் இல்லை. அறுவடை இயந்திரம் ஒரு வாரத்தில் ஊரையே அறுத்துக் கொட்டுகிறது. காயவைக்கும் வேலை மட்டும் இன்னும் விவசாயியின் காலோடு நிற்கிறது. மழை பெய்த பிறகு ஈர வரம்பில் தளர்வு கேட்டு டெல்லிக்குக் கடிதம் போகும், குழு வரும், மாதிரி எடுக்கும். 2022 அக்டோபரில் 19 சதவீதம் வரை தளர்த்தினார்கள். இப்படி ஒரு தளர்வு வரும்வரை நெல் முளைக்காமல் காத்திருக்குமா? அதை நம்பி நெல்லைக் குவித்து வைக்காதீர்கள்.

கடனுக்காக மொத்த நெல்லையும் கொடுக்க வேண்டியதில்லை. 30,000 ரூபாய்க்கு 25 மூட்டைதான் ஆகிறது. அதை அவர் எடையிலேயே கொடுத்து, கடன் தீர்ந்தது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு, மீதி 72 மூட்டையைக் காயவையுங்கள். வீட்டில் நகை இருந்தால் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வைத்து அவர் கடனை அடைத்துவிடுவது இன்னும் மேல்.

மழை பிடித்துக்கொண்டால் நெல்லைச் சாக்கிலேயே விடாதீர்கள், ஓரிரு நாளில் சூடேறிப் பழுப்பாகும். மாட்டுக் கொட்டகையோ திண்ணையோ, கூரை உள்ள இடத்தில் கொட்டி, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை கிளறி, மின்விசிறி போடுங்கள். வீட்டுச் சாப்பாட்டுக்கு வேண்டிய நெல்லை உடனே அவித்துவிடலாம், அவித்தது முளைக்காது. வெயில் வந்ததும் மீதியை விரியுங்கள், அதற்குள் சாகுபடிச் சான்றை வாங்கி விடுங்கள்.