பழைய சரித்திர சாகசத் தொடர்களில் காதல் ஏன் அவ்வளவு இனிக்கிறது?

தொலைக்காட்சியில் வந்த சரித்திர சாகசத் தொடர் என்றால் வாள், குதிரை, கோட்டை, ஒரு கொடுங்கோலன், அவனை எதிர்க்கும் நாயகன். காதலுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். ஆனால் மனதில் நிற்பது அதுதான். காரணம், அங்கே சந்திப்பதற்கே ஒரு விலை உண்டு.

1955 முதல் 1959 வரை பிரிட்டனில் 143 பகுதிகளாக வந்த ராபின் ஹுட் தொடரையே எடுத்துக்கொள்ளுங்கள். ரிச்சர்ட் கிரீன் நடித்த ராபின், ஷெர்வுட் காட்டில் ஒளிந்து வாழும் தேடப்படும் குற்றவாளி. அவன் காதலி மரியன் பெரிய வீட்டுப் பெண். அவனை எச்சரிக்க வந்தாலே அவளுக்கும் ஆபத்து. அப்படி வந்து, "இன்றிரவு அந்தப் பாதையில் போகாதே" என்கிற மாதிரி ஏதாவது சொன்னால், அதுவே காதல் வசனம் ஆகிவிடுகிறது!

அப்புறம் ஒரு தொழில் ரகசியம். ஒவ்வொரு பகுதியும் அரை மணி நேரத்தில் முடிந்து, அடுத்த வாரம் பழைய இடத்திலிருந்தே தொடங்க வேண்டும். கல்யாணம் செய்துவைத்தால் இழுவிசை போய்விடும். அதனால் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார்கள். தீபாவளிக்கு முன்பே சுட்டுப் பரணில் வைத்த அதிரசம் மாதிரி: வாசனை வரும், கை எட்டாது.

'ரொமான்டிக்' என்றதும் கட்டிப்பிடிக்கும் காட்சிகளைத் தேடாதீர்கள். இந்தத் தொடர்களில் அவை அபூர்வம், அந்தச் சொல் இங்கே ஆபத்தும் தொலைவும் கலந்த மயக்கத்தையும் சேர்த்தே குறிக்கிறது.