சாரலுக்கு ஒரு பூ, மார்கழிக்கு ஒரு பூ

தமிழக, கேரள எல்லையில் செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு பக்கத்தில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

சித்திரையில் கொத்துக்கொத்தாய்ப் பூத்த குண்டுமல்லி, ஆடியில் வெறும் இலையாய் நிற்கிறதே அக்கா. உரம் போடவா?

வேண்டாம் தம்பி. மல்லிக்கு நல்ல வெயில் வேண்டும். சாரல் மாதங்களில் மேகம் மூடிக்கிடந்தால் பூ குறையத்தான் செய்யும். இப்போது தூரில் தண்ணீர் நிற்காமல் மட்டும் பாருங்கள். நவம்பர் கடைசியில், ஐப்பசி மழை ஓய்ந்ததும், தரையிலிருந்து அரை மீட்டர் உயரம் விட்டு கவாத்து செய்து, மக்கிய தொழுவுரம் வையுங்கள். புதுத் துளிரில்தான் மொட்டு வரும். வெட்ட மனசு வராமல் விட்டால் பங்குனியில் பூ கம்மிதான். சாரல் காலத்துக்குப் பக்கத்தில் ஒரு பிச்சிக்கொடி ஏற்றிவிடுங்கள், அது ஆனி தொடங்கிப் பூக்கும்.

செவ்வந்தி புதர் மாதிரி வளர்ந்தும் தையில் ஒரு மொட்டுகூட இல்லை. தெருவிளக்குக்குக் கீழே இருக்கிறது, அதனாலா?

அதனாலேதான் மதினி. ராத்திரி நீளமானால்தான் செவ்வந்தி மொட்டு விடும். விளக்கு வெளிச்சம் விடிய விடிய மேலே விழுந்தால், செடிக்கு இரவு நீண்டதே தெரியாது; இலையும் தண்டுமாய் வளர்ந்துகொண்டே போகும். தொட்டி என்றால் புரட்டாசிக்குள் இருட்டான மூலைக்கு மாற்றுங்கள். தரையில் நட்டது என்றால் சாயங்காலம் கனமான கறுப்புத் துணியால் மூடி, காலையில் எடுங்கள். மொட்டு கண்ணில் படும்வரை ஒரு நாளும் விடாமல் செய்யவேண்டும். நுனி கிள்ளுவதை ஆடியோடு நிறுத்திவிடுங்கள்.

ஓணத்துக்கு அத்தப்பூக் கோலம் போட எங்கள் முற்றத்திலேயே கேந்தி (செண்டுமல்லி) கிடைக்குமா சேச்சி? எப்போதும் தோவாளைச் சந்தைப் பூதான் வாங்குகிறோம்.

தாராளமாக. மே கடைசியில் விதையுங்கள். நாற்று 25 நாளில் தயார். நட்டு ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பூ. கூரைக்கு அடியில் விதைக்கவும், மேட்டுப்பாத்தியில் நடவும் மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஜூன் மழையில் நாற்று அழுகிவிடும். ஓணம் சில வருஷம் செப்டம்பருக்குத் தள்ளிப்போகும். அதனால் இரண்டு வாரம் இடைவெளி விட்டு இன்னொரு பிடி விதை போட்டுவையுங்கள்.

கார்த்திகைப்பூக் கொடி காய்ந்துவிட்டது. பிடுங்கிப் போடலாமா அண்ணி?

ஐயோ, வேண்டாம்! கிழங்கு உயிரோடு தூங்குகிறது. கோடையில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மழை விழுந்ததும் தானே முளைக்கும். கிழங்கின் நுனியில்தான் முளைக்கண் இருக்கிறது. இடம் மாற்றினால் அது ஒடியாமல் எடுங்கள். கிழங்கு முதல் விதை வரை எல்லாமே கொடிய விஷம். சின்னப் பிள்ளைகளும் ஆடும் உள்ள வீடு என்றால் வேலிக்கு வெளியே எட்டாத இடத்தில் வையுங்கள்.

செம்பருத்தியில் வெள்ளை மாவு மாதிரிப் பூச்சி.

தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். எறும்பு ஏறாமல் பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

சாமிக்கு வருஷம் பூரா பூ வேண்டும், அதிகம் பாடுபட முடியாது.

அரளி, நித்தியகல்யாணி, இட்லிப்பூ. மார்கழிக்கு டிசம்பர் பூ இரண்டு செடி. அது போதும் ஆச்சி.