ஐபோன் 17 வாங்கலாமா, 13-ஐயே ஓட்டலாமா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வீட்டிலிருந்தபடியே புடவை வியாபாரம் செய்கிறேன். வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் போட்டோ போட்டுத்தான் விற்பனை. கையில் இருப்பது 128 ஜிபி ஐபோன் 13, வாங்கி நாலு வருஷம் ஆகப்போகிறது. பேட்டரி 79 சதவீதம் காட்டுகிறது, மெமரியும் நிரம்பிவிட்டது. ஐபோன் 17 வந்ததிலிருந்து கவனிக்கிறேன், பாதிப் பேர் சூப்பர் என்கிறார்கள், மீதிப் பேர் கீறல் விழுகிறது, சார்ஜ் நிற்கவில்லை, திரையில் எழுத்தே தெரியவில்லை, ஒன்றும் புதிதில்லை என்கிறார்கள். வீட்டுக்காரர் வீண் செலவு என்கிறார். வாங்கலாமா? பாண்டியில் வாங்கினால் விலை குறையுமா?

பதில்: அந்த "ஒன்றும் புதிதில்லை" என்று சொன்னவர் அதுவரை எந்த போன் வைத்திருந்தார் என்று பார்த்தீர்களா? முதல் நாளே வாங்கி வீடியோ போடுகிறவர்கள் அநேகமாகப் போன வருஷத்து மாடலைக் கையில் வைத்திருப்பவர்கள்தான். 16-ஐ வைத்துவிட்டு 17-ஐ எடுத்தால் சலிப்புத்தான் வரும். நீங்கள் 2021-ல் வந்த 13-லிருந்து போகிறீர்கள். அவருடைய சலிப்பையும் எடுத்துக்கொள்ள வேண்டாம், குதூகலத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் 13-க்குப் பக்கத்தில் 17-ஐ வைத்துப் பாருங்கள், அது போதும்.

அப்படி வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கொஞ்சமில்லை. திரை 6.1 அங்குலத்திலிருந்து 6.3 ஆகியிருக்கிறது, திரை நொடிக்கு எத்தனை தடவை புதுப்பிக்கிறது என்ற கணக்கு 60 ஹெர்ட்ஸிலிருந்து 120 ஆகியிருக்கிறது (15,000 ரூபாய் ஆண்ட்ராய்டில் எத்தனையோ வருஷமாக இருப்பது இப்போதுதான் சாதாரண ஐபோனுக்கு வந்து சேர்ந்திருக்கிறது, அதற்கும் கைதட்டுகிறார்கள் பாருங்கள்). பின்பக்கக் கேமரா 12 மெகாபிக்சலிலிருந்து 48, முன்பக்கம் 12-லிருந்து 18. ஆரம்ப மாடலே 256 ஜிபி. சார்ஜர் துளை யூஎஸ்பி-சி. செயற்கை நுண்ணறிவு வசதிகள் உங்கள் 13-ல் எந்த அப்டேட்டிலும் வராது, 17-ல் உண்டு, ஆனால் புடவை விற்க அது எதற்கு என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

சரி, நீங்கள் கேட்ட குறைகளுக்கு வருவோம்.

கீறல் பேச்சு கிளம்பியது 17 ப்ரோவையும் ஐபோன் ஏரையும் வைத்து. கடைகளில் காட்சிக்கு வைத்திருந்த போன்களில் முதல் வாரமே கோடு தெரிந்தது. அது தேய்ந்துபோன ஸ்டாண்டிலிருந்து ஒட்டிக்கொண்ட கறை, துடைத்தால் போய்விடும் என்று ஆப்பிள் சொன்னது. அதில் பாதி உண்மை. ப்ரோவில் டைட்டானியத்தை விட்டுவிட்டு அலுமினியத்துக்குத் திரும்பியிருக்கிறார்கள், பின்னால் கேமரா மேடு எழும்பும் இடத்தில் விளிம்பு கூர்மையாக இருக்கிறது, கூர்விளிம்பில் மேல்பூச்சு சரியாகப் பிடிக்காது. எவர்சில்வர் தூக்குக்குப் பெயின்ட் அடித்தால் முதலில் உரிவது விளிம்புதானே, அதே கதை. ஆனால் நீங்கள் பார்ப்பது சாதாரண 17. அதில் அந்த மேடே கிடையாது, பின்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அந்த வீடியோக்களுக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை.

எழுத்து தெரியவில்லை என்பது போனின் குறையே இல்லை. அது ஐஓஎஸ் 26, 2025 செப்டம்பரில் வந்த மென்பொருள், எல்லாவற்றையும் கண்ணாடி போல ஊடுருவித் தெரிய வைத்த வடிவமைப்பு. உங்கள் 13-க்கும் அதே மென்பொருள்தான் வருகிறது! 17 வாங்காமல் இருந்துவிட்டால் அதிலிருந்து தப்பிவிடலாம் என்றில்லை. பிடிக்கவில்லையென்றால் செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டிக்குள் போய் ஊடுருவலைக் குறைக்கும் வசதியைப் போட்டுவிடுங்கள், எழுத்து பளிச்சென்று தெரியும். புது போனும் புது மென்பொருளும் ஒரே வாரத்தில் வருவதால் ஜனங்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒன்றின் மேல் உள்ள கோபத்தை இன்னொன்றின் மேல் காட்டுகிறார்கள், ஒவ்வொரு செப்டம்பரும் இதே கூத்து.

சார்ஜ் நிற்கவில்லை என்பதும் முதல் சில நாள் புலம்பல்தான். புது போனுக்குப் பழைய தகவல் எல்லாம் வந்து இறங்கி, போட்டோக்களை வகை பிரித்து, தேடலுக்கு அடுக்கி முடிக்கும்வரை உள்ளே வேலை ஓடிக்கொண்டே இருக்கும், சார்ஜ் கரையும், லேசாகச் சூடும் ஆகும். உங்களைப் போல ஆயிரக்கணக்கில் புடவைப் போட்டோ வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் இழுக்கும்.

அப்போது எந்தப் புகாரையும் நம்ப வேண்டாமா என்றால் அப்படியில்லை. 2016-ல் கேலக்ஸி நோட் 7 பேட்டரி தீப்பிடிக்கிறது என்று ஆரம்பத்தில் நாலு பேர் சொன்னபோது சிரித்தவர்கள் உண்டு, இரண்டே மாதத்தில் அந்த போனின் தயாரிப்பையே நிறுத்தினார்கள். 2023-ல் ஐபோன் 15 ப்ரோ சுடுகிறது என்றார்கள், ஆப்பிளும் ஒத்துக்கொண்டு ஐஓஎஸ் 17.0.3-ல் சரிசெய்தது. ஒருவரையொருவர் தெரியாத பல பேர் ஒரே கோளாறை ஒரே மாதிரி சொல்கிறார்களா, கம்பெனி வாய் திறந்ததா, அடுத்த அப்டேட்டில் அது போனதா என்று மட்டும் பாருங்கள். எந்தப் புது மாடலானாலும் ஒரு மாதம் பொறுத்தால் இந்த மூன்றும் தெரிந்துவிடும்.

இப்போது உங்கள் 13. எனக்கென்னவோ அதற்குத்தான் முதலில் வைத்தியம் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

ஐபோன் 14 வரைக்குமான பேட்டரிகள் 500 முழு சார்ஜ் சுற்றுக்கு 80 சதவீதத் திறனைத் தாங்கும் அளவுக்குத்தான் செய்யப்பட்டவை என்று ஆப்பிளே சொல்கிறது. வியாபார போன், நாலு வருஷத்தில் 79 என்பது நீங்கள் அதை நன்றாகவே வைத்திருந்ததற்கு அடையாளம். பேட்டரியை மாற்றினால் போன் இன்னும் இரண்டு வருஷம் ஓடும். அங்கீகரிக்கப்பட்ட சென்டரில் மாற்றுங்கள். வெளியே மாற்றினால் பாகம் அசல்தானா தெரியவில்லை என்று போனே காட்டிக்கொடுக்கும், அது பிறகு எக்ஸ்சேஞ்சில் அடிவாங்கும். அதைவிட முக்கியம், திறந்த போனின் ஓரத்தில் ஓடும் கறுப்புப் பசை சீலைப் புதிதாக ஒட்டினார்களா என்பது. பழையதையே அமுக்கி மூடிக் கொடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு ஒரு வாரம் பாண்டியில் என் ரிப்பேர் பெஞ்சில் ஈர போன்களாகவே கிடந்தன, தண்ணீர் புகாது என்ற தைரியத்தில் நனைய விட்டவை. அதில் நிறைய ஏற்கெனவே எங்கேயோ திறந்து மூடியவை. ஆய்வகத்தில் நல்ல தண்ணீரில் முக்கிப் பார்த்துக் கொடுக்கிற ரேட்டிங் அது, சீல் போனால் ரேட்டிங்கும் போச்சு, தண்ணீர் சேதத்துக்கு வாரன்டியும் கிடையாது.

கடலோரத்தில் இருக்கிறோம், அதனால் இன்னொன்று. உங்கள் சார்ஜர் ஒயரின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தங்க நிறத்தில் எட்டுக் கோடு இருக்கும், நடுவில் ஒன்று மட்டும் கறுத்திருந்தால் அதுதான் மின்சாரம் ஏறும் முனை, உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து அரித்துவிட்டது. ஒயரை மாற்றினால் பாதிச் சார்ஜ் பிரச்சினை அங்கேயே தீரும். துளைக்குள் பஞ்சு அடைத்திருக்கும், புடவை வியாபாரிகளின் போனில் அது நிச்சயம். மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள், குண்டூசி கூடாது.

போன மாதம் ஒரு அம்மா வந்தார், பாகூர் பக்கம், கேமரா போய்விட்டது, எல்லாப் போட்டோவும் புகை மூட்டமாக விழுகிறது, புது போன் எடுக்கப்போகிறேன், பழையதற்கு என்ன தருவீர்கள் என்றார். வாங்கிப் பார்த்தால் லென்சுக்கு மேலே யாரோ ஒட்டிவிட்ட 50 ரூபாய் வட்டக் கண்ணாடி, அதற்கும் லென்சுக்கும் நடுவில் ஈரப் பூச்சு, மேலே தேங்காய் எண்ணெய்க் கைரேகை. நகத்தால் நெம்பி எடுத்துவிட்டு மென்துணியால் துடைத்துக் கொடுத்தேன். அங்கேயே வாசலில் நின்று எதிர்க்கடைப் பூக்காரியைப் படம் எடுத்தார், கனகாம்பரம் கனகாம்பரமாகவே தெரிந்தது. காசு வாங்கவில்லை, ஒரு வியாபாரம் போச்சு என்பது வேறு விஷயம்.

உங்களிடமும் அப்படி ஏதாவது ஒட்டியிருந்தால் முதலில் பிய்த்து எறியுங்கள். புடவை நிறம் மாறி விழுகிறது என்று பார்சல் திரும்பி வருகிறதென்றால் 48 மெகாபிக்சல் அதைத் தீர்க்காது. அரக்கும் மாம்பழ மஞ்சளும் டியூப்லைட் வெளிச்சத்தில் எந்த போனிலும் பொய்தான் சொல்லும், 17-லும் சொல்லும். காலை வெயில் நேராக விழாத ஜன்னலோரம், உள்ளே விளக்கை அணைத்துவிட்டு எடுங்கள். ஜன்னல் வெளிச்சமும் பல்பு வெளிச்சமும் கலந்தால்தான் நிறம் கெடுகிறது. மெமரிக்கு, வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதியைத் திறந்து பெரிய ஃபைல்களை மட்டும் அழித்துப் பாருங்கள், காலை வணக்க வீடியோக்களே பல ஜிபி இருக்கும்.

இதற்கெல்லாம் பிறகும் 17 எடுக்க ஒரு நல்ல காரணம் இருக்கிறது. நீங்களே கேமரா முன் நின்று லைவில் புடவை காட்டுகிறவர் என்றால் அந்த முன்பக்கக் கேமரா உங்களுக்கானது. அதன் சென்சார் சதுரமானது, போனை நேராகப் பிடித்தபடியே அகலவாக்கில் எடுக்கலாம், முந்தானையை விரித்தால் முழுசாகக் கட்டத்துக்குள் நிற்கும். பேசாமல் புடவையை மட்டும் விரித்துப் போட்டு எடுக்கிறவர் என்றால் 13-க்குப் பேட்டரி மாற்றுங்கள், வீட்டுக்காரர் சொல்வது சரி.

பாண்டி விலைக்கு வருகிறேன். 2017 ஜூலை 1-க்கு முன்னால் அது நிஜம், இங்கே வாட் வரி குறைவு, கடலூர்க்காரர்கள் டிவி, ஃபிரிட்ஜ், போன் எல்லாம் நேரு வீதியிலிருந்து எடுத்துப் போவார்கள். ஜிஎஸ்டி வந்த பிறகு நாடு முழுக்க ஒரே வரி, போனுக்கு 2020 ஏப்ரலிலிருந்து 18 சதவீதம், கடலூரிலும் அதே, பாண்டியிலும் அதே. எல்லையில் இருக்கும் முள்ளோடை தாண்டினால் மலிவாகக் கிடைப்பது ஜிஎஸ்டிக்குள் வராத மதுவும் பெட்ரோலும்தான். 256 ஜிபி ஐபோன் 17 வெளியானபோது 82,900 ரூபாய். அதைவிட ரொம்பக் குறைத்து ஒருவர் சொன்னால் பில் இல்லாத போனா, வெளிநாட்டு போனா என்று கேளுங்கள். அமெரிக்காவிலிருந்து வருவதில் சிம் போடும் இடமே இருக்காது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இசிம் மட்டும்தான். பிரான்ஸ் மாமா கொண்டுவருகிறேன் என்று சொல்லும் வீடுகள் பாண்டியில் நிறைய, ஆனால் அங்கே வாட் வரியே 20 சதவீதம். ஒரு காலத்தில் பிரான்ஸ் பெட்டியில் இயர்போன் இலவசமாக இருக்கும், அந்த நாட்டுச் சட்டம் அப்படி, 2022-லிருந்து அதுவும் இல்லை.

கிரெடிட் கார்டில் வட்டியில்லா இஎம்ஐ என்பார்கள். வட்டி உண்டு, அதைத் தள்ளுபடியாக முன்னாடியே கழித்துக் காட்டுகிறார்கள், ஆனால் அந்த வட்டி மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிராசசிங் கட்டணமும் உங்கள் தலையில்தான். வட்டி 4,000 என்றால் 720 ரூபாய் அங்கே போகிறது. மொத்தமாகக் கட்டினால் உடனடித் தள்ளுபடி எவ்வளவு என்று கேட்டு இரண்டையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

வாங்குவது என்றே முடிவானால் 13-ஐக் கொடுப்பதற்கு முன் வாட்ஸ்அப்பைப் புது போனுக்கு மாற்றி, ஒரு வாரம் இரண்டையும் வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு தொலைந்த போனைத் தேடித் தரும் ஃபைண்ட் மை-யை அணைத்து ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி எல்லாவற்றையும் அழியுங்கள். இதை விட்டுவிட்டுக் கொடுத்தால் வாங்கினவர் ராத்திரி பத்து மணிக்கு உங்களைக் கூப்பிடுவார். புதியதில் *#06# அடித்து வரும் ஐஎம்இஐ எண் பில்லிலும் பெட்டியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே சரிபாருங்கள். பாண்டிக்குத்தான் வருவேன் என்றால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், சண்டே மார்க்கெட் கூட்டத்தில் காந்தி வீதியில் வண்டியும் நுழையாது, 82,000 ரூபாய் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக நடக்கவும் முடியாது.