சாம்பாரில் பருப்பு எங்கே?

வணக்கம். செந்தூலில் வாடகை வீட்டில் இருக்கிறோம்; நானும் கணவரும், இரண்டு பிள்ளைகள். சமையல் சாமானுக்கு வாரம் 150 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் ஒதுக்க முடியவில்லை. கணவருக்கு இனிப்புநீர் (சர்க்கரை நோய்), மாத்திரை சாப்பிடுகிறார். ஓட்ஸ், பழுப்பரிசி, புரோக்கோலி, சால்மன் என்கிறார்கள். அந்த விலைக்கு நாங்கள் எங்கே போவது? எங்கள் வீட்டில் சோறு, சாம்பார், ஒரு பொரியல், சில நாள் முட்டை. இதில் எதை மாற்றலாம்?
க., கோலாலம்பூர்

அன்புள்ள க.,

நீங்கள் சொன்ன நான்கும் இல்லாமலே நன்றாகச் சாப்பிடலாம். முதலில் அந்தச் சாம்பாரைப் பார்ப்போம்.

கை இறுகும்போது நம் வீடுகளில் சத்தமில்லாமல் குறைவது பருப்புதான். நால்வருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போட்டால் மொத்தப் புரதமே 22 கிராம்தான். ஆளுக்கு ஐந்தரை கிராம், ஒரு முட்டையில் இருப்பதைவிடக் குறைவு. நீர்த்த குழம்பில் பசி அடங்காது, சோறு கூடும், சர்க்கரையும் ஏறும். அதே குழம்புக்கு 250 கிராம் பருப்பு போடுங்கள். ஆளுக்கு 13 கிராமுக்கு மேல் கிடைக்கும். சோற்றை ஒரு கரண்டி குறைத்தாலும் வயிறு நிறையும். வேறெதை மாற்ற முடியாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

பருப்பு மசியவில்லை என்பதாலும் சிலர் குறைத்துப் போடுகிறார்கள். புளியோ தக்காளியோ முதலிலேயே விழுந்தால் அந்தப் புளிப்பு பருப்பை இளகவிடாது. அரைமணி நேரம் ஊறவைத்து, மஞ்சளும் சில சொட்டு எண்ணெயும் மட்டும் சேர்த்து வேகவிடுங்கள். நன்றாக மலர்ந்த பிறகு புளியைக் கரைத்து ஊற்றலாம். கொண்டைக்கடலைக்கு எட்டு மணி நேரமாவது ஊறல் வேண்டும். ஊறாமல் அடுப்பில் ஏற்றினால் கேஸ்தான் கரையும்.

சால்மனின் இடத்தில் கெம்போங் (கானாங்கெளுத்தி) போதும். இதுவும் நல்ல கொழுப்புள்ள மீன்தான். சௌகிட் சந்தைக்குக் காலையில் போங்கள். கண் தெளிந்து, செவுள் சிவந்து, அழுத்தினால் பள்ளம் நிற்காத மீனாக எடுங்கள். மாலையில் ஐஸ் இல்லாமல் கூறு கட்டி மலிவாகக் கிடப்பதை வாங்காதீர்கள். இந்த வகை மீன் வெயிலில் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உண்டாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. முகம் சிவந்து, அரிப்பும் தலைவலியும் வருவது அதனால்தான். வீட்டுக்கு வந்ததும் குடலை எடுத்துக் கழுவி, ஒருவேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி ஐஸ் பெட்டியில் வையுங்கள்.

சோயா அவரையைப் பூஞ்சையால் புளிக்கவைத்துச் செய்யும் தெம்பே நம் சமையலறைக்குள் இன்னும் தாராளமாக வரவேண்டும் என்பது என் ஆசை. 200 கிராமில் 35 கிராமுக்குக் குறையாமல் புரதம் இருக்கிறது. எண்ணெயில் பொரித்தால் பஞ்சாக உறிஞ்சிவிடும். துண்டு போட்டுப் பத்து நிமிடம் ஆவியில் வைத்து, வெங்காயம், மிளகாய்த்தூளோடு பிரட்டுங்கள். மேலே கறுப்புப் புள்ளி இருந்தால் பயமில்லை, அது அதே பூஞ்சை முதிர்ந்ததுதான். பிசுபிசுப்போ அமோனியா வாடையோ இருந்தால் எறிந்துவிடுங்கள்.

காய்கறிக்குப் புரோக்கோலி எதற்கு? பாயம், கங்கோங் போன்ற கீரை, முட்டைக்கோஸ், பயற்றங்காய், எது மலிவோ அது. சுகாதார அமைச்சின் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ (மலாயில் கால், கால், பாதி) கணக்குப்படி தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ முட்டையோ பருப்போ. நம் தட்டில் பாதிக்கு மேல் சோறு. கீரையில் எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அது தடைபடும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

அந்தத் தேநீரில் விழும் கெட்டிப்பாலில் பாதிக்கு மேல் சர்க்கரை. அதையும், காப்பி, பால்மாவு, சீனி மூன்றும் கலந்த பாக்கெட் பானங்களையும், சாயத் தண்ணீர்ப் போத்தல்களையும் சாமான் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். பருப்பைக் கூட்டவும் தெம்பே வாங்கவும் காசு அங்கிருந்து வரும்.

எண்ணெய்ப் பாக்கெட்டைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். நால்வருக்கு மாதம் இரண்டு கிலோ என்றால் ஆளுக்கு நாளுக்கு ஏறக்குறைய 17 கிராம். அதற்கு மேல் போனால் பொரியல் சட்டியைக் கவனியுங்கள்.

பழுப்பரிசி நல்லதுதான், ஆனால் உங்கள் கணவருக்கு அரிசியின் நிறத்தைவிட அளவு முக்கியம். சமைக்காத அரிசி வேளைக்கு 75 கிராம் என்று அளந்து போட்டுப் பாருங்கள். அதைத் தொடங்குமுன் அரசாங்க கிளினிக்கில் சொல்லிவிடுங்கள். சில மாத்திரைகளோடு சோற்றைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து, வியர்த்துக் கை நடுங்கும். மருந்தின் அளவை அவர்கள்தான் மாற்ற வேண்டும். சிறுநீரகத்தில் கோளாறு இருக்கிறது என்று ஏற்கெனவே சொல்லியிருந்தால், பருப்பைக் கூட்டலாமா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.