கடைசி யூனிகார்னைத் தேடி இன்னும் ஏன் ஆள் வருகிறது?

பீட்டர் எஸ். பீகிள் எழுதிய ‘தி லாஸ்ட் யூனிகார்ன்’ 1968-ல் வந்த நாவல். யூனிகார்ன் என்ற ஒற்றைக் கொம்புக் குதிரை, சூனியக்காரி, மந்திரவாதி, இளவரசன் எல்லாம் வருகிற சின்னப் பிள்ளைக் கதைதானே, பெரியவர்கள் ஏன் இன்னும் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள் என்பது உங்கள் கேள்வி.

அந்தப் புத்தகத்தில் யூனிகார்னை விட அதைப் பார்க்கிறவர்கள்தான் முக்கியம் என்பேன். எதிரே நிஜமாகவே ஓர் அதிசயம் வந்து நின்றால் மனுஷர்கள் என்ன செய்வார்கள் என்று பீகிள் ஒவ்வொரு ஆளாகக் கூட்டி வந்து காட்டுகிறார். ஒருத்தனுக்கு அது கண்ணிலேயே படுவதில்லை. ஒருத்தி கூண்டில் போட்டுக் காசு பார்க்கிறாள். இன்னொருத்தி, ஏன் இவ்வளவு தாமதம் என்று சண்டைக்குப் போகிறாள். ஒரு ராஜா, எனக்கே எனக்கு என்று அடைத்து வைக்கிறான். படிக்கிற நமக்கு இதில் ஏதாவது ஓர் இடத்தில் சுருக்கென்று குத்திவிடும். எந்த இடம் என்பது ஆளைப் பொறுத்தது, வயதையும் பொறுத்தது.

கதைச் சுருக்கம் இதுதான். தன் காட்டில் தனியாக வாழும் ஒரு யூனிகார்ன், அந்த வழியே போகும் இரண்டு வேட்டைக்காரர்கள் பேசுவதைக் கேட்கிறது. உலகத்தில் தான் ஒன்றுதான் மிச்சம் என்று தெரிய வருகிறது. மற்றவையெல்லாம் எங்கே போயின என்று தேடிக் கிளம்புகிறது. இவ்வளவுதான். போர் கிடையாது, ஏழெட்டுப் பாகம் கிடையாது. ஒரே புத்தகம், அதுவும் சின்னது.

எனக்கு ரொம்பப் பிடித்தது தொடக்கத்தில் வரும் கார்னிவல் பகுதி. மம்மி ஃபார்ச்சூனா என்ற சூனியக்காரி ஊர் ஊராக வண்டிகளில் கூண்டுகளைக் கொண்டு போய்ப் புராண விலங்குகள் என்று காட்டிப் பிழைக்கிறாள். உள்ளே இருப்பவை பெரும்பாலும் சாதாரணப் பிராணிகள். கிழட்டுச் சிங்கம், நாய், குரங்கு, முதலை, பாம்பு. அவள் போட்ட மந்திரத்தால் ஜனங்களுக்கு மனித முகச் சிங்கமாகவும், மூன்று தலை நாயாகவும், டிராகனாகவும் தெரிகிறது. ஒரு சிலந்தியும் உண்டு. பெரிய தறிகாரியாக அதைக் காட்டுவாள். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சிலந்தி மட்டும் மந்திரத்தைத் தானே நம்பிவிடுகிறது. அந்த மாய நெசவெல்லாம் நம் கைவேலைதான் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எத்தனை ஆபீஸில் இந்தச் சிலந்தியைப் பார்த்திருப்போம்!

வழியில் தூங்கிக்கொண்டிருந்த யூனிகார்னையும் அவள் பிடித்துக் கூண்டில் போடுகிறாள். இப்போது ஒரு சிக்கல். வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு அது வெறும் வெள்ளைக் குதிரையாகத்தான் தெரியும். நிஜக் கொம்பு யார் கண்ணுக்கும் படாது. அதனால் சூனியக்காரி மந்திரத்தால் ஒரு பொய்க் கொம்பை உண்டாக்கி, நிஜக் கொம்பு இருக்கிற அதே நெற்றியில் வைக்கிறாள். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் பித்தளைக் குப்பி மாட்டுகிற மாதிரிதான். அதைப் பார்த்ததும் ஜனங்கள் வாயைப் பிளக்கிறார்கள், சிலர் அழுகிறார்கள். அழுகை நிஜம்தான், ஆனால் அது வந்தது பொய்க் கொம்பைப் பார்த்து.

நான் இருப்பது கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு ஜில்லா, வேலந்தாவளம் தாண்டினால் தமிழ்நாடு. வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளம், மாட்டிடம் இரண்டும் கலந்து. எங்கள் பக்கம் ஆங்கில நாவல் கிடைப்பது குதிரைக்கொம்பு. கோயமுத்தூரில் படிக்கிற மகள் வாங்கி வந்து போட்டதைத்தான் நான் எடுத்துப் படித்தேன். சாயங்காலம் மாட்டுக்குத் தவிடு கலக்குகிற நேரத்தில் மாமியாருக்குக் கதை கதையாகச் சொல்வது வழக்கம். இந்தப் பொய்க் கொம்பு இடம் வந்ததும் வாளியில் விட்ட கையை அப்படியே நிறுத்திவிட்டு அத்தை கேட்டார்: “அதென்ன அம்மணி, இருக்கற கொம்பு பத்தாதுன்னு இன்னொண்ணு ஒட்டறா? நம்மூரு ஒடியன்னா ஒரு கொம்பு கம்மியால்ல இருக்கும்?”

ஒடியன் தெரியாதவர்களுக்காக: பாலக்காடு, வள்ளுவநாடு பக்கமெல்லாம் பழைய ஆட்கள் சொல்லும் கதை. ராத்திரியில் காளையாகவோ எருமையாகவோ உருவம் மாறி வந்து, இருட்டில் தனியாகப் போகிறவனை மறித்து அடித்துப் போடுவானாம். 2018-ல் மோகன்லால் நடித்துப் படமாகக்கூட வந்தது. அத்தை சொன்ன விஷயம்தான் இதில் முக்கியம். ஒடியனால் முழுசாக மாற முடியாது என்பார்கள். காளையாக வந்தால் ஒரு கொம்பு இருக்காது, இல்லை வால் இருக்காது, இல்லை ஒரு கால் குறையும். அதை வைத்துத்தான் நிஜ மாடா, ஒடியனா என்று கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் ஊரில் பொய்யைக் காட்டிக் கொடுப்பது ஒரு குறை. பீகிள் கதையில் நிஜத்துக்கே ஒரு பொய் சேர்த்தால்தான் ஜனங்கள் நிஜம் என்று ஒத்துக்கொள்கிறார்கள். அத்தை ஒரே கேள்வியில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார். அப்புறம் நான் அந்த அத்தியாயத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன்.

கரண்ட் வந்ததும் ஒடியன் போய்விட்டான் என்று எல்லோரும் சொல்வார்கள். தெருவிளக்கு போட்ட பிறகு யார் கண்ணிலும் படவில்லையாம். அப்படியானால் ‘கடைசி ஒடியன்’ என்று ஒருவனை வைத்து இதே மாதிரி ஏக்கமாக ஒரு நாவல் எழுதலாமே என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் அது அவ்வளவு சுலபம் இல்லை. ஒடியன் என்று ஊர் பேர் வைத்தது பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதி ஆட்களுக்கு. இவன் ஒடியன் என்று ஒருவனைச் சொல்லிவிட்டால் அவனை என்ன செய்தாலும் கேட்க ஆள் இல்லை. கதை சொல்கிறவர்கள் ‘அடித்தே கொன்றார்கள்’ என்று சிரித்துக்கொண்டே முடிப்பதைக் கேட்டிருக்கிறேன். அந்தக் கதையில் அடி வாங்கியவன் மனுஷன்தானே. அதனால் எங்கள் ஊர் மாய மிருகம் ஒழிந்ததில் எனக்கு வருத்தம் கிடையாது. பீகிளின் யூனிகார்னுக்கு இந்தச் சுமை எதுவும் இல்லை. அது யார் பக்கமும் இல்லாத மிருகம், அதனால் உலகத்தில் எந்த ஊர்க்காரரும் குற்ற உணர்ச்சி இல்லாமல் அதற்காக ஏங்கலாம். இத்தனை வருஷம் அது ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இப்போது மாலி க்ரூவுக்கு வருகிறேன். நாவலில் இவளுக்காகவே இன்னொரு தடவை படிக்கலாம். கேப்டன் கல்லி என்ற கொள்ளைக்காரன் கூட்டத்தில் சமைத்துப் போட்டுக்கொண்டு, காலில் செருப்பு இல்லாமல், வாய் ஓயாமல் திட்டிக்கொண்டு திரியும் நடு வயதுப் பெண். அவள் யூனிகார்னைப் பார்த்ததும் மயங்கி விழவில்லை, கும்பிடவும் இல்லை. கோபப்படுகிறாள். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது நீ எங்கே போயிருந்தாய், இப்போது இந்த நிலைமையில் என்னிடம் வர உனக்கு என்ன தைரியம் என்று கேட்கிறாள். கேட்டுவிட்டு அழுகிறாள். யூனிகார்ன் கன்னிப் பெண்களிடம்தான் வரும் என்பது ஐரோப்பியப் பழங்கதை. கொம்புள்ள ஒருவரைப் பெண்களை அனுப்பி அழைத்து வருகிற கதை நமக்கும் புதிதில்லை, கம்பராமாயணத்தில் கலைக்கோட்டு முனிவர் அப்படித்தான் வந்தார். அந்தப் பழைய விதியை எடுத்து, வயதான பிறகு வந்து நிற்கிறாயே என்று ஒரு பெண் எதிர்க் கேள்வி கேட்டால் எப்படி இருக்கும் என்று பீகிள் யோசித்திருக்கிறார்.

மகள் இந்த இடத்தைச் சாதாரணமாகத் தாண்டிப் போய்விட்டாள். அவளுக்கு வயது பத்தொன்பது. எனக்கு அந்தப் பக்கத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து போக வேண்டியிருந்தது. கல்யாணம், பிள்ளை, பால் சொசைட்டி, சீட்டுப் பணம் என்று ஓடி ஓடி, ஆசைப்பட்ட ஒன்று காலம் தப்பி வந்து நிற்கும்போது சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் முதலில் வரும். இதை எழுதும்போது பீகிளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை என்பதுதான் ஆச்சரியம். 1939-ல் பிறந்தவர், 1962-லேயே இந்த நாவலை எழுதத் தொடங்கிவிட்டார்.

கல்லி கூட்டத்திலேயே இன்னொரு நல்ல இடம் இருக்கிறது. கல்லி தன்னைப் பற்றித் தானே பாட்டுக் கட்டிப் பாட வைத்துக்கொள்ளும் போலி வீரன். யூனிகார்னைக் கூண்டிலிருந்து விடுவித்து அதன் கூடவே வரும் மந்திரவாதி ஷ்மெண்ட்ரிக் அரைகுறை ஆள், நினைத்த வித்தை ஒன்று, நடப்பது ஒன்று. அவன் ஏதோ முனக, உண்மையான ராபின் ஹுட்டும் தோழர்களும் காட்டுக்குள்ளிருந்து நடந்து வருகிறார்கள். கல்லியின் ஆட்கள் தங்கள் தலைவனை அம்போ என்று விட்டுவிட்டு அந்த உருவங்களுக்குப் பின்னால் ஓடுகிறார்கள். சிரிப்பும் வரும், அந்தக் கல்லியைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கும்.

ஹாகர்ட் ராஜா மட்டும் இல்லையென்றால் இது நல்ல கதை என்ற அளவிலேயே நின்றிருக்கும். செவ்விலக்கியம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவனிடம் ஒரு சிவப்புக் காளை இருக்கிறது. அது யூனிகார்ன்களைக் கொல்வதில்லை, ஓட்டிக்கொண்டு போய்க் கடலுக்குள் தள்ளுகிறது. மாடு மேய்க்கிறவர்களுக்குத் தெரியும், முட்ட வருகிற காளையைக்கூடச் சமாளித்துவிடலாம், ஆளையே பார்க்காமல் நேராக நடந்து வருகிற காளைக்கு முன்னால் நிற்க முடியாது. ராஜா ஏன் இப்படிச் செய்கிறான்? நாட்டைப் பிடிக்கவோ சாகாவரம் வாங்கவோ இல்லை. அவனுக்கு எதிலும் சந்தோஷம் வருவதில்லை. யூனிகார்னைப் பார்த்த ஒரு நேரத்தில் மட்டும் வந்தது. அதனால் உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் பிடித்துக் கோட்டைக்குக் கீழே கடலில் அடைத்துவிட்டு, மேலே நின்று அலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அப்போதும் முகத்தில் சிரிப்பு இல்லை. இப்படி ஒரு வில்லனை நான் வேறு கதையில் பார்த்ததில்லை, அக்கம்பக்கத்தில் பார்த்திருக்கிறேன்.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. காளையிடமிருந்து தப்பிக்க ஷ்மெண்ட்ரிக் யூனிகார்னை மனுஷப் பெண்ணாக மாற்றிவிடுகிறான். அப்புறம் கோட்டையில் நடக்கும் பகுதி கொஞ்சம் இழுவை. இளவரசன் லீர் டிராகன் தலையை வெட்டிக்கொண்டு வந்து அவள் முன் வைக்க, அவள் கண்டுகொள்ளாமல் இருக்க, இது இரண்டு மூன்று தடவை ஓடுகிறது. நடுநடுவே வரும் பாட்டுகளில் சில எனக்கு ஒட்டவில்லை. வாளும் குதிரையுமாகப் போகிற கதையில் திடீரென்று ஒருவன் விருந்தாளிக்கு டாக்கோ என்ற மெக்சிகோ தின்பண்டத்தை எடுத்து நீட்டுவான். அந்த மாதிரிக் குறும்பு சிலருக்குப் பிடிக்காது, எனக்குப் பிடித்தது.

அந்தப் பெண்ணுருவம்தான் முடிவை வேறு மாதிரி ஆக்குகிறது. கொஞ்ச நாள் மனுஷியாக இருந்ததில் அவளுக்குக் காதல் தெரிந்துவிடுகிறது, சாவு தெரிந்துவிடுகிறது. மறுபடி யூனிகார்னாக மாறி, காளையைக் கடலுக்குள் விரட்டி, தன் இனத்தை மீட்ட பிறகும் அந்த நினைவு போவதில்லை. மற்ற யூனிகார்ன்கள் எதற்கும் வருந்துவதில்லை. இவள் வருந்துவாள். ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவள் தன் இனத்துக்குள்ளேயே தனி ஆளாகிப் போகிறாள். பிள்ளைக் கதை என்று கொடுத்துவிட்டு இப்படி முடித்தால், படித்த பிள்ளைகள் பெரியவர்களான பிறகு திரும்ப எடுத்துப் பார்க்கத்தானே செய்வார்கள்?

1982-ல் இது கார்ட்டூன் படமாக வந்தது. பீகிளே திரைக்கதை எழுதினார். ஹாகர்டுக்குக் குரல் கொடுத்தவர் கிறிஸ்டோபர் லீ, அந்தக் குரலுக்காகவே பார்க்கலாம். படத்தை வரைந்தது ஜப்பானில் டாப்கிராஃப்ட் என்ற ஸ்டூடியோ. அங்கே வேலை பார்த்தவர்களில் பலர் பின்னால் கார்ட்டூன் படங்களுக்குப் பேர் போன ஜிப்லி ஸ்டூடியோவுக்குப் போனார்கள். 2005-ல் ‘டூ ஹார்ட்ஸ்’ என்று ஒரு தொடர்ச்சிக் கதையும் பீகிள் எழுதினார், அறிவியல் புனைவு, மாயக் கதைகளுக்குத் தரும் ஹ்யூகோ, நெபுலா இரண்டு விருதும் அதற்குக் கிடைத்தன. அதில் லீர் கிழவனாகி, ஞாபகம் தப்பித் தப்பிப் போகிற ராஜாவாக வருகிறான். ஆனால் நாவலை முடிக்காமல் அதைத் தொடாதீர்கள். கையில் நாவல் கிடைத்து நேரமும் குறைவு என்றால் கார்னிவல் பகுதியையும் மாலி வருகிற இடத்தையும் மட்டும் முதலில் படித்துப் பாருங்கள். அதில் ஒட்டவில்லை என்றால் தாராளமாக மூடி வைத்துவிடலாம்.